பெண்டாட்டியை இழுக்கப் போன கல்வண்டி

ஓலைப்பட்டிக்காரர்களை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும். பாவம், மனசு மட்டும் தங்கம்.

அந்த ஊர்ச் சடையாண்டியிடம் அவன் பெண்டாட்டி பூவாத்தாள் கிணற்றடியிலிருந்து, "ஆடு உள்ள பூந்து நெல்லைத் தின்னுது, கதவைச் சாத்துங்க" என்றாள். சாத்தினான். ஆடு உள்ளேயே இருந்தது. சாயங்காலத்துக்குள் விதைநெல் மூட்டை காலி. அவள் கோபித்துக்கொண்டு கீழக்குளத்திலுள்ள அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. அவளை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று ஊரே கூடி, வாத்தியாரிடம் கேட்கப் பள்ளிக்கூடம் போனது. அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்: "எந்த ரெண்டு பொருளும் ஒன்றையொன்று இழுக்கும். எடை கூடினால் இழுப்பும் கூடும். கிட்டப் போனால் இன்னும் கூடும்."

கேட்காமலே பதில் கிடைத்துவிட்டதென்று திரும்பிவிட்டார்கள்.

"நம்ம மாப்ளைக்கு எடை பத்தலை. அதான் அவ போயிட்டா," என்றான் முத்திருளன்.

"தின்னவச்சு எடை ஏத்த ரெண்டு வருசமாகும்ணே," என்றான் கொண்டையன். "அதுக்குள்ள அவ மெலிஞ்சுட்டா?"

"அப்ப கல்லை ஏத்து."

ஊரிலிருந்த ஆட்டுக்கல், அம்மிக்கல் அத்தனையும் வண்டியில் ஏறின. நடுவில் சடையாண்டி உட்கார்ந்தான். மாட்டைப் பூட்டப் போனபோது கொண்டையன் தடுத்தான்.

"மாட்டுக்கும் எடை இருக்குண்ணே. பூவாத்தா மாட்டுப் பக்கம் சாஞ்சுட்டா என்ன பண்றது?"

ஆகவே ஊரே சேர்ந்து வண்டியைத் தள்ளியது. தள்ளுகிறவர்களுக்கும் எடை உண்டே என்று சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்குக் கிளம்பியிருக்கவே மாட்டார்கள்.

கீழக்குளத்துச் சரிவில் வண்டி கைநழுவி ஓடியது. மாமனார் வீட்டு வேலியைப் பிய்த்துக்கொண்டு வைக்கோல்போரில் போய் முட்டி நின்றது.

"பூவாத்தா இழுப்புதான் பெருசு போல," என்றான் முத்திருளன் மரியாதையாக.

பூவாத்தாள் பதறி ஓடிவந்தாள். சடையாண்டி வைக்கோலுக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

"நீயில்லாம முடியலை புள்ள. உன்னை இழுக்கத்தான் வந்தேன். நீ முந்திக்கிட்ட."

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. "எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்," என்று கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

மற்றவர்கள் நகரவில்லை.

"நாமளும் போலாமாண்ணே?"

"எப்படிடா போறது? ஊர்ல ஆளும் இல்லை, கல்லும் இல்லை. எது நம்மளை இழுக்கும்?"

எல்லோரும் கவலையோடு ஊர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். தூரத்தில் போய்க்கொண்டிருந்த இருவரையும் பார்த்துக் கொண்டையன் கையை வாயில் குவித்துக் கூவினான்:

"தாயி, போனதும் ரெண்டு பேரும் வயிறு முட்டத் தின்னுங்க. நாங்க வீடு வந்து சேரணும்."