மீதி வைக்காத எண்

முன்னொரு காலத்தில் மருதந்துறை நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பான்.

ஒருநாள் அவனுக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. காலையில் ஓர் எண்ணைச் சொல்வான். வரிசைக்கு அத்தனை பேராகப் படை நிற்க வேண்டும். மீந்தவர்களுக்கு வேலை போயிற்று!

"அரைகுறை வரிசை அரசருக்கு அழகில்லை" என்று தூபம் போட்டார் சேனாபதி கடம்பராயர்.

இருபது நாளில் நூற்றிரண்டு பேர் போனார்கள். அதில் ஒருவன் பாய் முடையும் பூங்காவியின் புருஷன். அவள் நேரே சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, இப்போது படையில் எத்தனை பேர்?"

"இரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பதின்மூன்று."

"நேற்றுப் போன ஆறு பேரையும் என் வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு முதல் பத்துவரை எந்த எண்ணையும் சொல்லுங்கள். ஒருவரும் மிஞ்சமாட்டார்."

"மீந்தால்?" என்றார் கடம்பராயர்.

"நானும் அவரும் நாட்டைவிட்டே போகிறோம்."

மறுநாள் மைதானத்தில் இரண்டாயிரத்து ஐந்நூற்றிருபது பேர். ராஜா "ஏழு!" என்றான். முரசு முழங்கியது, புழுதி கிளம்பியது. அடங்கியபோது முந்நூற்றறுபது வரிசை, ஒருவரும் மீதியில்லை. "எட்டு!" முந்நூற்றுப் பதினைந்து. "ஒன்பது!" இருநூற்றெண்பது. பத்துவரை எதைச் சொன்னாலும் அந்தப் படை கலைந்து கலைந்து முழுசாகவே கூடியது. ராஜாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"மந்திரமா, பெண்ணே?"

"இல்லை மகாராஜா. இரண்டு கோரைக்கு ஒரு கோடு, மூன்றுக்கு ஒரு கோடு என்று பத்துவரை பாயில் போட்டுப் பார்த்தேன். எல்லாக் கோடும் முதன்முதலாக ஒன்றாய் முடிவது இந்த எண்ணில்தான். இதற்குக் குறைந்த எதிலும் இல்லை."

கடம்பராயருக்குப் பொறுக்கவில்லை. "பதினொன்று!" என்று கத்தினார்.

படை மாறியது. ஒருவன் தனியே நின்றான்.

"பார்த்தீர்களா, மீந்துவிட்டான்!"

"நான் பத்துவரைதானே சொன்னேன்? ஆனாலும் அவர் மீதியில்லை சேனாபதி" என்றாள் பூங்காவி. "இத்தனை பேருக்கு முன்னால் கொடி பிடிக்க ஒருவர் வேண்டாமா? நீங்களும்தான் எந்த வரிசையிலும் இல்லை. உங்களை மீதி என்றா சொல்கிறோம்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கடம்பராயர் தலை கவிழ்ந்தது.

ராஜா மெல்லக் கேட்டான்: "பதினொன்றுக்கும் மீதி வைக்காத எண் உண்டா?"

"உண்டு மகாராஜா, இருபத்தேழாயிரத்து எழுநூற்றிருபது. ஆனால் பதின்மூன்று வந்து அதையும் உடைக்கும். அதற்கும் ஓர் எண் உண்டு. அதை உடைக்க இன்னொன்று. கடைசி எண் என்று ஒன்று கிடையவே கிடையாது."

"அப்படியானால் குறை எண்ணில்தான், ஆளில் இல்லை" என்றான் ராஜா.

பிறகு பூங்காவிக்கு அரசவையில் ஆசனம் தந்தான். நீக்கப்பட்ட அத்தனை பேரையும் வீடுவீடாகப் போய் அழைத்துவரக் கடம்பராயரை நடக்கவிட்டான்.

எல்லோரும் வந்து சேர்ந்த காலையில் படை நான்கு நான்காக நின்றது. கடைசி வரிசையில் மூன்றே பேர், நடுங்கினார்கள். ராஜா குதிரையிலிருந்து இறங்கி, கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நான்காவது ஆளாய்ப் போய் நின்றான்.