தவிட்டன் தேய்த்த கடிகாரம்

காட்டுக் குளத்தின் கரையில் ஓர் அத்திமரம் இருந்தது. அதில் குடியிருந்த குரங்குக் கூட்டத்தின் தலைவன் இறந்துபோனான். அடுத்த தலைவன் யார் என்ற பேச்சு வந்தது.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தவிட்டன்தான்!" என்றன குரங்குகள்.

தவிட்டன் கூட்டத்தின் காவல்காரன். புல் அசைவதைப் பார்த்தே காற்றா, சிறுத்தையா என்று சொல்லிவிடுவான். அவன் ஒரு குரல் கொடுத்தால் தாய்கள் குட்டிகளை வாரிக்கொண்டு மேலே ஏறிவிடும். தலைவனாக அந்தக் கண்ணும் குரலும் போதும். தவிட்டனுக்குத்தான் போதவில்லை.

குளிக்க வந்த மனிதர்கள் பாறைமேல் ஒரு வாட்சை மறந்துவிட்டுப் போனார்கள். பொன்னாக மின்னியது. தவிட்டன் எடுத்து மாட்டிக்கொண்டான். மணி பார்க்கத் தெரியாது. அது எதற்கு என்றே தெரியாது. மின்னினால் போதாதா?

"தங்கமா, தவிட்டா?" என்று கேட்டது மொட்டைவால் மந்தி.

"பின்னே? தலைவனாகப் போகிறவன் தகரமா போடுவான்? பரம்பரைச் சொத்து!"

"உன் அப்பனை எனக்குத் தெரியுமே. பலாக்கொட்டையைத் தவிர வேறெதையும் அவன் சேர்த்து வைத்ததில்லையே!"

"உனக்குப் பொறாமை!" என்றான் தவிட்டன்.

கொஞ்ச நாளில் வாட்சின் விளிம்பில் வெளுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. தவிட்டன் அதைச் சட்டென்று மறுகையால் மூடிக்கொண்டான். ஊருக்குள் போய்வரும் காக்கையைத் தனியாகப் பிடித்தான்.

"காக்கையண்ணே, சாமான் மங்கினால் மனிதர்கள் என்ன செய்வார்கள்?"

"என்ன சாமான்?"

"சும்மா, பொதுவாகக் கேட்கிறேன்."

"பித்தளை விளக்கைப் புளிபோட்டுத் தேய்ப்பார்கள். அப்புறம் சாம்பல். கண்ணைப் பறிக்கும்!"

தவிட்டன் புளியம்பழத்தை உரித்துத் தேய்த்தான். சாம்பல் போட்டுத் தேய்த்தான். திட்டு பெரிதாயிற்று. தங்கம் உள்ளே ஒளிந்திருக்கிறது, அழுத்தித் தேய்த்தால் வெளியே வரும் என்று நினைத்தான். இன்னும் அழுத்தினான். மிச்சமிருந்த மஞ்சளும் போய் மொத்தமும் வெள்ளையாகிவிட்டது.

"என்ன அண்ணே, தேய்க்கத் தேய்க்கப் போகிறதே!"

காக்கை வாட்சைப் பார்த்தது. தலையில் அடித்துக்கொள்ளக் கையில்லாததால் சிறகை உதறியது.

"அட மக்கே! இது மேலே பூசின முலாம். தேய்த்தால் போகாமல் வளருமா? நீ வாட்ச் என்றா கேட்டாய்? பொதுவாக அல்லவா கேட்டாய்!"

"யாரிடமும் சொல்லிவிடாதே அண்ணே."

"கழற்றி எறிந்துவிடு. தீர்ந்தது."

"அதெப்படி! பரம்பரைச் சொத்து எங்கே என்று கேட்பார்களே!"

தவிட்டன் காட்டுமஞ்சளைத் தோண்டி, மென்று, வாட்சின்மேல் அப்பினான். காய்ந்தால் உதிர்ந்தது. வேர்த்தால் ஒழுகியது. உச்சிக்கிளையில் காவலுக்கு உட்கார்ந்தவன் மணிக்கட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே புல் பலமுறை அசைந்தது. அவன் தலை நிமிரவில்லை.

முதல் அத்தி பழுத்தது. தலைவனாகிறவன் எல்லோர் முன்னிலையிலும் மரமேறி அந்தப் பழத்தைப் பறிக்கவேண்டும். அதுதான் அந்தக் கூட்டத்தின் வழக்கம். தவிட்டன் ஒரு கையை அக்குளில் செருகிக்கொண்டு மறுகையால் தொற்றித் தொற்றி ஏறினான்.

"கையில் என்ன, சிரங்கா?" என்று கத்தியது மொட்டைவால்.

"தலைவர்கள் இப்படித்தான் ஏறுவார்கள்!"

பழத்துக்குப் பக்கத்தில் போனதும் மஞ்சள் ஒழுகுகிறதா என்று கையை மெல்ல எடுத்துப் பார்த்தான். அந்த நேரத்தில் கீழே புல் அசைந்தது. குட்டிகள் தரையில் விளையாடிக்கொண்டிருந்தன.

"சிறுத்தை! சிறுத்தை! ஏறுங்கள்!"

அலறியது மொட்டைவால். தாய்கள் பாய்ந்து குட்டிகளை வாரின. சிறுத்தையின் நகத்தில் ஒரு குட்டியின் வால்மயிர்தான் சிக்கியது. தவிட்டன் திடுக்கிட்டான். திடுக்கிட்டதும் கையை மறுபடி அக்குளுக்குள் செருகினான். பிடி நழுவியது. பொத்தென்று குளத்தில் விழுந்தான்.

சிறுத்தை அவனை ஒரு பார்வை பார்த்தது. இதைத் தின்பதா என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

தவிட்டன் கரையேறினான். வாட்ச் தகரம்போல் வெளுத்திருந்தது. முழங்கைவரை மஞ்சள் வழிந்தது.

"பரம்பரைச் சொத்து கரைந்துவிட்டதா, தவிட்டா?" என்றது ஒரு கிழட்டுக் குரங்கு. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அது... வெயிலில் அப்படித் தெரிகிறது," என்றான் தவிட்டன்.

வால்மயிர் போன குட்டியின் தாய் மட்டும் சிரிக்கவில்லை. "மடையா! வாட்சைப் பார்த்தா உன்னைத் தலைவன் என்றோம்? அது வருவதற்கு முன்பே சொன்னோமே! நீ பார்த்துக்கொள்வாய் என்று நம்பித்தானே பிள்ளையைக் கீழே விட்டேன்?"

மொட்டைவால் மந்தி இரண்டு கைகளாலும் மரமேறி அத்திப்பழத்தைப் பறித்தது. தவிட்டனின் காவல் கிளையையும் அன்றே வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மேல்பூச்சு போவதை மறைப்பதிலேயே கருத்தாக இருப்பவன், பூச்சே இல்லாமல் தன்னிடம் இருந்த மதிப்பையும் இழந்துபோவான்.