கரும்பலகையில் ஏறிய பெயர்

வேம்படிச் சந்தையில் வெளியூரார் கடை போட்டால் ஆறு ஆண்டுகளாக ஒரே கதைதான். சந்தைத் தலைவன் உக்கிரபாண்டியின் மண்காப்புச் சேனை வரும், கடை எரியும். மொத்தம் பதினோரு கடைகள். பதினோராவது, வடிவாம்பாளின் வளையல் கடை. அமைச்சரே உக்கிரபாண்டியைக் கேட்டுத்தான் ஊருக்குள் வருவார். பிறகு புகாரை யார் வாங்குவார்கள்?

சேனைக்கு ஒரு விதி உண்டு. வெளியூராரிடம் ஒரு சோடா வாங்கிக் குடித்தவன் பெயரும் வெள்ளிக்கிழமை கரும்பலகையில் ஏறும். அன்றோடு அவன் நீக்கம். "என் பேரா இருந்தாலும் எழுதுங்கடா!" என்று மேடைதோறும் முழங்குவான் உக்கிரபாண்டி. முழங்கியவனே வெளியூர்ப் பட்டு வியாபாரி ஒருவரிடம் லஞ்சமாகக் கார் வாங்கிக்கொண்டு, அந்தக் கடையை மட்டும் விட்டுவைத்தான். சாவி கைமாறியதைச் சேனைக்காரர் மூவர், கொடியரசு, தணிகைவேல், மாசிலாமணி, பார்த்துவிட்டார்கள்.

அடுத்த வெள்ளி, யாரும் வருமுன் கொடியரசு பலகையில் தலைவன் பெயரை எழுதிவிட்டு நழுவினான். அன்றைய சேனைக் கூட்டத்தில், வந்திருந்த அமைச்சர் முன்னாலேயே தணிகைவேல் எழுந்து, "கார் வாங்கினதை என் கண்ணால பார்த்தேன்" என்றான். அடி விழுந்து இரண்டு பல் போயின. அமைச்சர் மெல்ல நழுவினார். அதன்பின் மாசிலாமணி கூட்டத்தோடு போய்க் காரைத் தெருவுக்கு இழுத்து வந்தான். சேனை கலைந்தது. மறுநாள் போலீசுக்கும் தைரியம் வந்து, உக்கிரபாண்டியைப் பிடித்துப் போனது.

சந்தைக்குப் புதுத் தலைவர் வேண்டும். கடைசியாகக் கடை இழந்த வடிவாம்பாள் கைகாட்டட்டும் என்றது ஊர். அந்தத் தலைவர் இடம் ஒதுக்கினால்தான் அவளுக்கும் மறுபடி பிழைப்பு.

"எழுதினது நான், அக்கா. வெளியூரான்கிட்ட வாங்கினவனை விடலாமா?" என்றான் கொடியரசு.

"எழுதிட்டு ஓடினவன் பேசுறான் பாரு!" என்றான் தணிகைவேல். "வெளியூரான் பொருள் சேனைக்குள்ள வரக்கூடாதுன்னு பல்லைக் கொடுத்தவன் நான்."

"ரெண்டு பல்லுக்கு ஒரு பதவியா? வெளியூரான் காரை ஊருக்கே காட்டினவன் நான்க்கா!" என்றான் மாசிலாமணி.

வடிவாம்பாள் தலையில் கைவைத்தாள். மூன்று நாளாக இதே பேச்சு. "ஏம்ப்பா, நான் எந்த ஊருன்னு தெரிஞ்சுதான் எங்கிட்ட வந்து இதைச் சொல்றீங்களா?"



படிக்கிறவர்களே, மூவரில் யாரைக் கைகாட்டுவது சரி?

விடை: ஒருவரையும் அல்ல. மூவரும் சேர்ந்துதான் உக்கிரபாண்டியைக் கவிழ்த்தார்கள், அது உண்மை. ஆனால் எதற்காக? வெளியூராரிடம் வாங்கினான் என்பதற்காக. பதினோரு கடை எரிந்ததை ஒருவரும் குற்றமாகச் சொல்லவில்லை. உள்ளூரார் கொடுத்த காராக இருந்தால், பன்னிரண்டாவது கடைக்கும் இந்த மூவரே தீப்பந்தம் தூக்கியிருப்பார்கள். இதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, எவர் அனுமதியும் கேட்காமல், சந்தை நடுவில் சாக்கை விரித்து வளையலை அடுக்கினாள் வடிவாம்பாள். முதல் டஜன் வாங்கியது மாசிலாமணியின் மனைவி.