கண்மூடிப் பள்ளத்துச் சட்டி

ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தார் என்று கதையை ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தக் கதை நடந்தபோது ராஜாவும் பிறக்கவில்லை, ஊரும் பிறக்கவில்லை. வீடு கிடையாது, வயல் கிடையாது, சட்டி பானை கிடையாது. மனிதர்கள் மலைக்குகையில் குடியிருந்தார்கள். கல்லை உடைத்துக் கத்தி செய்தார்கள். கட்டையைக் கடைந்து தீ உண்டாக்கினார்கள். வயிறு நிறைந்தால் ஆடினார்கள், நிறையாவிட்டாலும் ஆடினார்கள். சின்னவர்களே, பெரியவர்களே, மற்றபடி அவர்களும் நம்மைப் போலத்தான்.

அப்படி ஒரு குகைக்கூட்டத்தில் நொச்சி என்று ஒருத்தி இருந்தாள். கூடை முடைவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வளையக்கூடிய குச்சி எதைக் கண்டாலும் அவள் விரல்கள் பரபரக்கும். அவள் புருஷன் கடுவன், தேன் எடுக்கிறவன். மரம் ஏறுவதிலும் கெட்டிக்காரன், வாயடிப்பதிலும் கெட்டிக்காரன். அவன் பேச ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நொச்சிக்கு அவன் மேல் உயிர்.

கூட்டத்துக்குத் தலைவர் கொம்பன். நொச்சிக்குப் பெரியப்பா முறை. ஆள் ஆனை மாதிரி இருப்பார், குரலும் அப்படித்தான். இடது கையில் மட்டும் மோதிர விரல் இருக்காது. சின்ன வயதில் ஓர் ஆமையிடம் வம்பு செய்யப் போய், அது அவர் விரலை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

அந்தக் கூட்டத்தில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. ஒருவர் கையில் எது கெட்டுப்போனாலும், பொழுது சாய்வதற்குள் அதை மலைச்சரிவில் இருக்கும் பள்ளத்தில் போட்டுவிட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டும், போட்டதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் கூடாது. கெட்டதைப் பார்த்தால் கெட்டது ஒட்டிக்கொள்ளும் என்று அவர்களுக்குப் பயம். அந்தப் பள்ளத்துக்குக் கண்மூடிப் பள்ளம் என்று பெயர். அதில் இறங்கிப் பார்த்தவர் அதுவரை ஒருவரும் இல்லை.

இதனால் என்ன ஆயிற்று தெரியுமா? ஒருவன் ஒரு கிழங்கைத் தின்று வயிற்று வலியில் உருண்டான். மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பள்ளத்தில் போட்டான். வாய் திறக்கவில்லை. மறுநாள் அவன் தம்பி அதே கிழங்கைத் தின்று உருண்டான். அதற்கு மறுநாள் மச்சினன் உருண்டான். மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்து, வானம் நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்!

இப்படியிருக்க, ஒரு கோடையில் மழை ஏமாற்றிவிட்டது. குகைக்குப் பக்கத்தில் இருந்த சுனை வற்றிச் சேறாகி, சேறும் காய்ந்து களிமண்ணாகிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் ஓடைக்குத்தான் போக வேண்டும். சுரைக்கொடிகள் அந்த வருடம் பட்டுப்போனதால் குடுக்கையும் இல்லை. தோல்பையில் கொண்டுவந்தால் பாதி வழியில் ஒழுகிப் போகும், மீதி மறுநாளே நாற்றமெடுக்கும்.

கொம்பன் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"நிலா தேஞ்சு மறைஞ்சதும் கெளம்புறோம். ஓடைக்கரைக்கே போயிருவோம்."

போக வேண்டியதுதான். ஆனால் வழியோ செங்குத்தான பாறை. அதற்குச் சில நாட்களுக்கு முன்னால்தான் கடுவன் தேனடையோடு மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டிருந்தான். அந்தப் பாறையில் ஒருவன் தன்னைத் தூக்கிக்கொண்டு ஏறுவதே பெரிய காரியம். நடக்க முடியாதவர்களை, தீயும் கொஞ்சம் கிழங்கும் கொடுத்து விட்டுவிட்டுப் போவதுதான் அந்தக் காலத்து வழக்கம். தண்ணீர் இல்லாத குகையில் தீயும் கிழங்கும் எத்தனை நாளைக்கு?

"நீ போ புள்ள," என்றான் கடுவன். "நான் இங்க பல்லிகளுக்கெல்லாம் கதை சொல்லிக்கிட்டு ராசா மாதிரி இருப்பேன்."

மன்னிக்க வேண்டும், ராஜா என்ற சொல் அப்போது இல்லை. வேறு ஏதோ சொன்னான். நொச்சி சிரிக்கவில்லை. அன்றுதான் முதன்முதலாக அவன் பேச்சுக்கு அவள் சிரிக்கவில்லை.

"நீ இல்லாம நான் எங்கயும் போகமாட்டேன் மச்சான். தண்ணி இங்க வரணும். அவ்வளவுதான்," என்றாள்.

தண்ணீரைக் கொண்டுவந்து வைக்க ஒன்று வேண்டும். அவளுக்குத் தெரிந்ததோ கூடை ஒன்றுதான். உட்கார்ந்து முடைந்தாள். எறும்பு நுழைய இடமில்லாமல், காற்று நுழைய இடமில்லாமல் நெருக்கி நெருக்கி முடைந்தாள். எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்த் தண்ணீரை மொண்டாள். எறும்பும் காற்றும் நுழையாத கூடையில் தண்ணீர் மட்டும் எப்படியோ வழி கண்டுபிடித்து வெளியே போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு பள்ளத்தில் போட்டாள்.

இரண்டாவது கூடை முடைந்தாள். இந்த முறை வற்றிய சுனையிலிருந்து களிமண்ணை எடுத்துக் குழைத்து, உள்ளே பூராவும் அழுத்திப் பூசி வெயிலில் காய வைத்தாள். பார்க்க அழகாக இருந்தது. தண்ணீரை ஊற்றியதும் களிமண் கரைந்து, கூடைக்குள் பழைய சுனையே திரும்பி வந்ததுபோல் ஒரே சேறு. அதையும் பள்ளத்தில் போட்டாள்.

மூன்றாவது கூடைக்கு இன்னும் தடிப்பாகப் பூசினாள். வெயிலில் காய்ந்தது போதவில்லை போலிருக்கிறது, நன்றாகக் காயட்டும் என்று அடுப்புத் தீக்குப் பக்கத்தில், விறகுக் குவியலின் மேல் வைத்தாள். வைத்துவிட்டுச் சும்மா இருந்தாளா? கடுவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்க்காமல் அவனுக்கு நாளே ஓடவில்லை. அதனால், தேனடைக்குக் கீழே அவனும் ஒரு கரடியும் எதிரும் புதிருமாக நின்று, நீ முதலில் போ, நீ முதலில் போ என்று ஒருவருக்கொருவர் வழிவிட்ட கதையை எடுத்துவிட்டான். இரண்டு பேர் வேஷத்தையும் அவனே போட்டான். நொச்சி அடக்கி அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சிரித்து முடித்துத் திரும்பினால் விறகுக் குவியல் மொத்தமும் கொழுந்துவிட்டு எரிகிறது!

கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். வந்து, கெட்டதைப் பார்க்கக் கூடாதே என்று அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அணைக்க ஒரு கையும் வரவில்லை. நொச்சி எவ்வளவு மண்ணை அள்ளிப் போட்டாலும் தீ நிற்கவில்லை. சேர்த்து வைத்த விறகெல்லாம் சாம்பலாகும் வரை எரிந்துதான் ஓய்ந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் சாம்பலைக் குச்சியால் கிளறினாள். கூடையில் ஒரு குச்சி மிச்சமில்லை. அதற்குள் பூசிய மண் மட்டும் குழிந்து, கறுப்பும் சிவப்புமாய் நின்றது. அதை இலையில் பிடித்துக்கொண்டு, அழுகையை விழுங்கிக்கொண்டு, பள்ளத்தின் விளிம்புக்குப் போய்க் கண்ணை மூடினாள்.

போடப் போகும்போது அவள் நகம் அதில் பட்டது. ணங் என்றது.

மண் என்றைக்காவது இப்படிப் பேசுமா? மறுபடியும் தட்டினாள். மறுபடியும் ணங். கண்ணைத் திறந்து பார்க்கலாமா? பார்த்தால் கெட்டது ஒட்டிக்கொள்ளும். பார்க்காமல் போட்டால் நிலா மறைந்ததும் கடுவனை விட்டுவிட்டுப் போவார்கள். இரண்டையும் மனசுக்குள் வைத்துப் பார்த்தாள். ஒட்டினால் ஒட்டட்டும் என்று கண்ணைத் திறந்தாள்.

அது மண்ணும் இல்லை, கல்லும் இல்லை. மண்ணைப் போல் குழிந்திருந்தது, கல்லைப் போல் இறுகியிருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தாள், கரையவில்லை. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குகைக்கே திரும்பி ஓடினாள்.

"பெரியப்பா! எல்லாரும் வாங்க! என் கையில கெட்டுப்போனது இது. வந்து பாருங்க!"

கெட்டதைப் பார் என்று ஒருத்தி கூப்பிட்டது அந்த மலையில் அதுதான் முதல் தடவை. எல்லோரும் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். பொத்திக்கொண்டு விரல் சந்து வழியாகப் பார்த்தார்கள். நொச்சி தோல்பையில் மிச்சமிருந்த தண்ணீரை அதில் ஊற்றினாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தாள், கரையவில்லை. தீக்கங்கின் மேல் வைத்தாள். எரியவில்லை, அதோடு தண்ணீர் கொதித்துத் தளதளவென்று சத்தம் போட்டது! விரல் சந்துகள் மெல்ல மெல்லப் பெரிதாயின.

கொம்பன் மட்டும் நெருப்பாய் நின்றார். பாதி கோபம், பாதி நடுக்கம்.

"கெட்டதுல கெடக்குற தண்ணியக் குடிச்சா நம்ம கூட்டமே கெட்டுரும்!" என்று கத்தினார். தண்ணீரைக் கொட்டினார். அந்தச் சட்டியைக் கோலால் தூக்கிக்கொண்டு போய், கண்ணை இறுக மூடி, தன் கையாலேயே பள்ளத்தில் வீசினார்.

நொச்சிக்கு உயிரே அதோடு கீழே போனது போலிருந்தது. அப்போது பள்ளத்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஒன்றல்ல, இரண்டு சத்தம். அவள் சட்டி உடைந்த சத்தம் ஒன்று. அது எதன் மேலோ மோதி, அந்த எதுவோ ணங் என்று பதில் சொன்ன சத்தம் இன்னொன்று.

"அங்க இன்னொண்ணு கெடக்கு!" என்றாள் நொச்சி.

யாரும் தடுப்பதற்குள் வேரைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டாள். கொம்பன் கத்தினார். அவள் காதில் விழவில்லை. அத்தனை காலமும் எல்லோரும் பயந்த இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? பேய் இல்லை, பிசாசு இல்லை. முளைவிட்டுக் காடாய் வளர்ந்திருந்த தானியம் இருந்தது. யாரோ ஒருவன் வளைந்துபோயிற்று என்று போட்ட, தூண்டிலுக்கு ஏற்ற எலும்பு இருந்தது. இலைக்குப்பையைத் தள்ளினால் சுட்ட மண் ஓடுகள். பாசி பிடித்துப் பழசானது, அதைவிடப் பழசானது, எந்தக் காலத்தது என்றே தெரியாதது. நொச்சிக்கு முன்னால் எத்தனையோ பேர் அதே மண்ணைப் பூசி, அதே தீயில் விட்டு, அதே வெட்கத்தோடு கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் முழுசாக, சின்னதாக ஒரு சட்டி கிடந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, எல்லோரும் பின்னால் வரக் குகை வாசலுக்கே வந்தாள்.

சட்டியின் உட்புறத்தில், பூசிய கையின் தடம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. கட்டை விரல் இருந்தது, ஆள்காட்டி விரல் இருந்தது, நடுவிரல் இருந்தது. அதற்கு அடுத்தாற்போல் ஒரு வெற்றிடம். அப்புறம் சுண்டு விரல்.

எல்லோரும் சட்டியைப் பார்த்தார்கள். அப்புறம் கொம்பனின் இடது கையைப் பார்த்தார்கள். கொம்பன் கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

குகை வாசலில் சாய்ந்திருந்த கடுவன்தான் வாய் திறந்தான். "மாமா, அந்த ஆமைதான் பூசியிருக்கும்னு நெனைக்கிறேன். உங்க விரலு அதுக்கிட்டதான இருக்கு?"

ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். இன்னொருவன் சிரிப்பை அடக்கப் போய்ப் புரையேறினான். கொம்பன் சட்டியை வாங்கி, தன் கையை அதற்குள் வைத்தார். தடம் கொஞ்சம் சின்னது, ஆனால் அவருடையதுதான். ஆனை போன்ற அந்த மனுஷர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இளவட்டமா இருக்கையில ஒரு பொண்ணுக்குத் தேன் கொண்டுபோகணும்னு ஆசை," என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "கூடையில கொண்டுபோனா ஒழுகுது. மண்ணப் பூசுனேன். தீயில விழுந்து எரிஞ்சுபோச்சு. வெக்கமாப் போச்சு. கண்ண மூடிப் போட்டுட்டேன். அப்புறம் வெறுங்கூடையிலேயே கொண்டுபோனேன். தேனு பூராம் வழியிலயே ஒழுகிருச்சு. எறும்பு மட்டுந்தான் என் பின்னால வந்துச்சு."

"அந்தப் பொண்ணு?" என்று கேட்டாள் நொச்சி.

"ஒழுகாம தேனக் கொண்டுபோயிச் சேத்தவனக் கட்டிக்கிட்டா."

அவ்வளவுதான், மலையே அதிரும்படி ஒரு சிரிப்பு எழுந்தது. முதலில் மற்றவர்கள் சிரித்தார்கள், அப்புறம் கொம்பனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தனை வருடம் நெஞ்சில் வைத்திருந்த வெட்கம் சிரிப்போடு சிரிப்பாகப் போய்விட்டது.

"நான் அன்னைக்கே சொல்லியிருந்தா, இன்னைக்கு எம்மவ இப்படித் தவிச்சிருக்க மாட்டா," என்று எழுந்தார். "எல்லாரும் களிமண் எடுங்க. இருக்குற கூடையெல்லாம் கொண்டாங்க. எரிப்போம்!"

குகையில் இருந்த கூடை எல்லாவற்றுக்கும் மண் பூசினார்கள். காய்ந்தும் காயாமலும் ஆட்டமும் பாட்டுமாய் எரித்தார்கள். சில சட்டி வெடித்தது, சிலது கோணியது, சிலது தேறியது. சட்டி வெடித்தவனும் சட்டி கோணியவனும் ஓடி வந்து, எனக்கு ஏன் இப்படி ஆயிற்று என்று கூச்சமில்லாமல் கேட்டார்கள். ஈரத்தோடு தீயில் வைத்தால் வெடிக்கும் என்று அப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

தேறிய சட்டிகளில் ஓடைத் தண்ணீர் மலையேறி வந்தது. நிலா மறைந்தது, யாரும் புறப்படவில்லை. மறுபடி வளர்ந்தது, கடுவன் கோலை ஊன்றி எழுந்து நின்றான். மழை வந்த அன்று, நொண்டி நொண்டி அவன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து நொச்சி சிரித்த சிரிப்பு இடிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

அதன் பிறகு அந்தக் கூட்டத்தில் வழக்கம் மாறிவிட்டது. எது கெட்டுப்போனாலும், சாயங்காலம் நடுவில் கொண்டுவந்து வைத்து, எப்படிக் கெட்டது என்று சொல்ல வேண்டும். சிந்திய தானியம் முளைத்ததை ஒருவன் சொன்னான், விதைப்பு வந்தது. வளைந்த எலும்பை ஒருத்தி காட்டினாள், தூண்டில் வந்தது. கிழங்கு தின்று உருண்ட மூன்று பேரும்கூடக் கடைசியில் வாயைத் திறந்தார்கள்.

கதை முடிந்தது, கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் சட்டியில் இருக்கிற சோற்றைச் சாப்பிடலாம். இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: நாம் செய்த பிழையை வெட்கப்பட்டு மறைத்தால் அது எல்லோருக்கும் நஷ்டம், மனம் திறந்து சொன்னால் அது எல்லோருக்கும் அறிவு.