நல்ல தகரம்

தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டிய ஒரு ஷெட்டில் அமலோற்பவம் பழைய கார்களுக்குப் பாடி வேலை பார்த்தாள். ஊரில் எல்லாருக்கும் அவள் மேஸ்திரி. கோவில்பட்டியிலிருந்து பொன்னுதுரை அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தபோது, அவளைவிட அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருக்கும். லாரிகளுக்குத் தகரம் ஒட்டியே தலை நரைத்தவர்.

"இந்த வயசுல எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"நான் ஒட்டுனது எதுவும் நிலைக்க மாட்டேங்குது, மேஸ்திரி."

அவள் வெல்டிங் கண்ணாடி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

ஊர்ப் பெரியவர் மச்சாதுவின் குடும்பத்துக் கார் வந்தது அந்தக் கோடையில்தான். அமெரிக்காவில் செய்து, அவர் அப்பா காலத்தில் கப்பலில் வந்து இறங்கியது. இரண்டே கதவு. பானெட் மட்டும் ஒரு கட்டில் நீளம். கடற்கரைக் குடோனில் வெகுகாலம் சும்மா கிடந்ததை, மச்சாதுவின் மகள் ஜெனிபா என்ஜினைப் பிரித்துப் பூட்டி ஓட வைத்திருந்தாள். அவள் ரேஸ் ஓட்டுகிறவள். இதையும் ஓட்டப் போகிறாள்.

ஷெட் வாசலில் நிறுத்தி ஆக்ஸிலேட்டரை ஒருமுறை மிதித்தாள். அந்தச் சத்தம் காதுக்கு வருமுன் நெஞ்சுக்கு வந்தது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தேங்கிய தண்ணீர் சிலிர்த்தது. பொன்னுதுரை பீடியை வாயில் வைத்தபடி பற்றவைக்க மறந்து நின்றார்.

மேஸ்திரி காரின் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தாள். உள்ளே விரித்திருந்த கார்பெட்டைச் சுருட்டினாள்.

தரை முழுக்க ஒட்டு. தகரத்தின் மேல் தகரம், அதன் மேல் தார். யாரோ நிதானமாக, அழகாகச் செய்திருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு ஒட்டுக்கும் பக்கத்தில் தரை கிழிந்திருந்தது.

பொன்னுதுரை விரலால் தடவிப் பார்த்தார். "ஒட்டு நிக்குது. பக்கத்துல பிச்சுக்கிட்டுப் போயிருக்கு. எனக்கும் இப்படியேதான் ஆகுது மேஸ்திரி. இது ஏன்?"

மேஸ்திரி கார்பெட்டை வெளியே எடுத்துப் போட்டாள்.

மச்சாது குனிந்து பார்த்தார். "இன்னொரு தகரம் மேல போட்டுற முடியாதா அமலி? டிக்கிதானே. என்ன வைக்கப் போறோம், பெட்டிதானே?"

"பின் சக்கரத்தைத் தாங்குற வில்லு ரெண்டும் இந்தத் தரைக்கு அடியிலதான் தொங்குது ஐயா. உங்க மக ஓட்டுற ஓட்டத்துல இது பிஞ்சா, பின் சக்கரம் ஒரு பக்கம் போகும், கார் ஒரு பக்கம் போகும்."

மச்சாது மகளைப் பார்த்தார். பிறகு சாவியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பெட்ரோல் டேங்கை முதலில் இறக்கி, தூரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பழைய ஒட்டுகளையும் தாரையும் உரித்தெடுத்தார்கள். காரை வெளியே வெயிலில் தள்ளி, உயரமாக முட்டுக் கொடுத்து நிறுத்தி, பின் சக்கரங்களை வில்லோடு கழற்றினார்கள். மேஸ்திரி டிக்கிக்குள் குறுக்காக ஒரு பலகையைப் போட்டாள்.

"ஏறிப் படுங்க அண்ணாச்சி."

பொன்னுதுரை ஏறி, காலை மடக்கிப் பலகையில் குப்புறப் படுத்தார். மேஸ்திரி மூடியைச் சாத்தினாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. இருட்டும் இரும்பு வாசமும்தான். பிறகு கண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி மினுங்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் அவரால் எண்ண முடியவில்லை. உப்பு பூத்த வெள்ளைத் தரையில் பட்ட வெயில், துரு அரித்த ஊசித் துளை ஒவ்வொன்றின் வழியாகவும் மேலே ஏறி வந்தது. கை வைத்து நன்றாக இருக்கிறது என்று அவர் நினைத்த இடங்களில்கூடப் பொடிப்பொடியாக வெளிச்சம். வானத்தை யாரோ கவிழ்த்து அடியில் போட்டதுபோல இருந்தது. அவர் மூச்சை மெல்ல விட்டார்.

மூடி திறந்தது.

"என்ன பாத்தீங்க?"

"இந்தத் தரையை வெட்டவே மனசு வரல மேஸ்திரி."

"அவ்வளவு அழகாவா இருந்துச்சு?"

"ஆமா."

"நான் முதல்ல பாத்தப்போ எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்லி, அவர் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்தாள். "வெட்ட வேண்டிய இடத்துக்குக் கோடு போடுங்க."

பொன்னுதுரை ஓட்டைகளைச் சுற்றிக் கோடு போட்டார். மேஸ்திரி ஒரு சின்னச் சுத்தியலால் கோட்டின் மேல் தட்டினாள். 'தொப்' என்றது. கோட்டை உள்ளங்கையால் அழித்தாள்.

அவர் நாலு விரல்கடை தள்ளிப் போட்டார். அவள் தட்டினாள். அதையும் அழித்தாள்.

மூன்றாவது கோட்டில் சுத்தியல் 'ணங்' என்றது. பொன்னுதுரை நிமிர்ந்தார். மேஸ்திரி அந்தக் கோட்டையும் அழித்துவிட்டு, அதற்கும் அப்பால் ஒரு சாண் தள்ளித் தானே ஒரு கோடு போட்டாள். அங்கே பெயிண்ட்கூட உரியவில்லை. கம்பெனியில் அடித்த நீலம் அப்படியே பளபளத்தது.

"இது நல்ல தகரம் மேஸ்திரி."

"ஆமா."

"நல்லதைப் போய் வெட்டணுமா?"

"கோட்டு மேல வெட்டுங்க."

வெட்டுவதற்கு முன் டிக்கியின் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே உடம்பு கோணாமலிருக்க இரும்புக் குழாய்களைப் பெருக்கல் குறிபோல வைத்துப் பற்றவைத்தாள். மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு தடவை அளந்தாள். பிறகு கிரைண்டரை அவரிடம் நீட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

பொன்னுதுரை கிரைண்டர் வட்டைக் கோட்டுக்கு நேராகப் பிடித்தார். இப்படி ஒரு கார் இந்தப் பக்கம் வேறெங்கும் இல்லை. ஒரு நூல் கோணினாலும் கோணினதுதான். நீலத் தகரத்தில் வட்டு இறங்கியதும் பொறி பறந்தது. துருவை வெட்டும்போது மங்கலாகச் சிதறும் பொறி, இப்போது வெள்ளையாக, நீளமாகப் போனது.

மதியத்துக்குள் தரை மொத்தமாகக் கழன்று மண்ணில் விழுந்தது.

மேஸ்திரி சொல்ல, அவர் குழாய்களுக்கு இடையே அந்த இடத்துக்குள் இறங்கி நின்றார். காலுக்குக் கீழே மண். இடுப்பைச் சுற்றிக் கார். இத்தனை பெரிய உடம்பு, வயிறே இல்லாமல், ஒரு முனகல்கூட இல்லாமல் தன் உருவத்தில் அப்படியே நின்றது. அவர் இரண்டு கையையும் விரித்துப் பக்கச் சுவர்களைத் தொட்டார். எதுவும் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து மச்சாது வந்தார். எட்டிப் பார்த்தவர் வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"காரே இல்லையே அமலி."

"இருக்குய்யா. நல்லாப் பாருங்க" என்றாள் மேஸ்திரி.

புதுத் தரையை அவள் கனத்த தகரத்தில் பள்ளம் மேடு எல்லாம் அடித்துத் தயாராக வைத்திருந்தாள். அதை வைத்துப் பார்த்தபோது விளிம்போடு விளிம்பு பொருந்தியது. பற்றவைக்க மறுபடியும் பொன்னுதுரையையே விட்டாள்.

"ஒரே இழுப்பா இழுக்காதீங்க. இங்க ஒரு பொட்டு, அங்க ஒரு பொட்டு. சூடு ஆறட்டும்."

அவர் பொட்டு வைத்தார். சுற்றிச் சுற்றி வந்து வைத்தார். எல்லாம் முடிய நாலைந்து நாளானது. குழாய்களை அறுத்தெடுத்து, பின் சக்கரங்களையும் டேங்கையும் பூட்டி, முட்டுகளை உருவி, காரை அதன் சக்கரத்தில் இறக்கியபோது, எங்கேயாவது 'கிரக்' என்று கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கேட்கவில்லை.

ஜெனிபா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, டிக்கியில ஏறி உக்காருங்க" என்றாள் மேஸ்திரி. "உப்பளத்து ரோட்டுல ஒரு சுத்து போயிட்டு வாங்க. மெதுவாத்தான் ஓட்டுவா."

பொன்னுதுரை புதுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கார் நகர்ந்தது. உப்பளத்து ரோட்டில் பள்ளம் இல்லாத இடமே கிடையாது. ஒவ்வொரு பள்ளத்திலும் காரின் பாரம் முழுதும் அவருக்கு அடியில் வந்து விழுந்து எழுந்தது. அவர் ஒட்டின இடத்தில் உள்ளங்கையைப் பதித்தார். என்ஜினின் அதிர்வு பழைய தகரத்தில் வந்து, ஒட்டைத் தாண்டி, புதுத் தகரத்துக்குள் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடினார். எது பழசு, எது புதுசு என்று கைக்குத் தெரியவில்லை.

கார் திரும்பி வந்து நின்றது. அவர் இறங்கவில்லை.

"மேஸ்திரி, இது நான் ஒட்டுனதா?"

"நீங்க ஒட்டுனதுதான்."

"லாரியிலயும் இதே கைதானே. இதே மாதிரித்தானே ஒட்டுனேன்."

மேஸ்திரி புதுத் தரையின் விளிம்பில் கை ஊன்றி அவர் பக்கத்தில் நின்றாள்.

"உங்க ஒட்டு என்னைக்கும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கும் அண்ணாச்சி. லாரியில அது பிடிச்சுக்க எதைக் குடுத்தீங்க, நல்ல தகரத்தையா, துருவையா?"

பொன்னுதுரை உள்ளங்கையைத் தரையிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.