தெரியாததைக் கேட்டால்தான் பிரியாணி

உலக தத்துவ தினத்துக்கு அந்தக் கல்லூரியில் பெரிய விழா. தத்துவத் துறையில் பிள்ளைகள் குறைவு என்பதால், நாற்காலியை நிரப்ப வணிகவியல் வகுப்பையும் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். அதில் கடைசி வரிசையில் முத்துப்பேச்சி. காலையிலும் சாப்பிடாதவள். வெளியே வந்திறங்கிய பிரியாணி அண்டாவின் வாசனை அவளைப் பாடாய்ப் படுத்தியது.

மேடையில் பேராசிரியர் அம்பலவாணர் மீசையை நீவிக்கொண்டு அறிவித்தார். "எனக்குப் பதில் தெரியாத கேள்வியை யாராவது கேட்டால்தான் சாப்பாடு. அதுவரைக்கும் கதவு திறக்காது!"

கடவுள், காலம், மரணம் என்று யார் யாரோ கேட்டுப் பார்த்தார்கள். மனிதர் எல்லாவற்றுக்கும் விலாவாரியாகப் பதில் சொன்னார்.

முத்துப்பேச்சி பொறுக்க முடியாமல் எழுந்தாள். "ஐயா, நாங்க எப்போ சாப்பிடுவோம்?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? எனக்குப் பதில் தெரியாத கேள்வியை ஒருத்தர் கேட்டதும் சாப்பிடுவீங்க."

"அதை எப்போ கேட்பாங்க ஐயா?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று எரிந்து விழுந்தார் பேராசிரியர்.

"ஐயாவுக்குத் தெரியாதாம்!" என்று முத்துப்பேச்சி கூவினாள். பேராசிரியர் நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள், கதவருகே பசியோடு நின்றிருந்த காவலாளி தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார். அரங்கமே எழுந்து ஓடியது.

கடைசியாக வந்த அம்பலவாணர் தட்டை நீட்டி, சின்னக் குரலில் கேட்டார்: "லெக் பீஸ் மிச்சம் இருக்கா?"