அக்கரையில் பேத்தி

கதையை நான் சொல்லி முடிக்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். அதுவரை யார் பக்கமும் சாய வேண்டாம்.

கோவையில் என்னோடு படித்த கனகசபாபதி டெட்ராய்ட்டில் இருபத்தைந்து வருடம் இருந்து, அமெரிக்கக் குடிமகனாகி, வேலை போனதும் வீட்டை விற்றுவிட்டு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனான். மகள் கவின்மலர் வளர்ந்த வீடு அது. சமையலறை ஜன்னலோரம் கறிவேப்பிலைத் தொட்டி. பனிக்காலத்தில் அதற்கென்று தனி விளக்கு, தனிப் போர்வை. கனகு போனில் வந்தால் அந்த வீட்டுப் பேச்சுதான். கேட்டுக் கேட்டு நானே அங்கே குடியிருந்ததுபோல ஆகிவிட்டது.

அந்த வீடு மறுபடி விலைக்கு வந்தது. டெட்ராய்ட்டிலேயே வேலை பார்த்த கவின்மலர் முன்பணம் கொடுத்துவிட்டாள். மீதிக்கு அப்பாவின் வரிச் சேமிப்பை நம்பியிருந்தாள். எந்த நாட்டில் சம்பாதித்தாலும் அமெரிக்கக் குடிமகன் அமெரிக்காவுக்கு வரி கட்ட வேண்டும். ஆனால் பன்னிரண்டு மாதத்தில் முந்நூற்று முப்பது முழு நாள் வெளிநாட்டில் இருந்தால், அங்கே சம்பாதித்ததில் பெரும்பகுதிக்கு அமெரிக்க வரி கிடையாது. ஒரு நாள் குறைந்தாலும் சலுகை போய்விடும். மிஞ்சிய முப்பத்தைந்து நாளும் அமெரிக்காவில் நடந்த அலுவலகக் கூட்டங்களிலேயே கரைந்துவிட்டன. இனி அந்த மண்ணில் ஒரு மணி நேரம் நின்றாலும் வீடு கைவிட்டுப் போகும்.

பார்த்து வைத்ததுபோல மகளுக்குப் பிரசவம் ஒரு மாதம் முந்திக்கொண்டது. மனைவி வசந்தாமணிக்குச் சம்பளமுமில்லை, நாள் கணக்குமில்லை. உடனே மகளிடம் போய்விட்டாள். டெட்ராய்ட் நகரத்து ஆற்றின் எதிர்க்கரை கனடா. அங்கே இருந்தால் கணக்குக்கு அதுவும் வெளிநாடுதான். கனகு விமானம் பிடித்து, அந்தக் கரையில் வின்ட்சர் ஊரில் அறை எடுத்தான்.

பேத்தி பிறந்த ஆறாம் நாள் கவின்மலர் அவளைப் போர்த்தி எடுத்துக்கொண்டு, அம்மாவோடு ஆற்றோரம் வந்தாள். சின்ன வயதில் ஞாயிறுதோறும் அவளைத் தோளில் தூக்கிவந்து, "அதோ பாரு கண்ணு, அது வேற நாடு" என்று கனகு காட்டிய இடம் அது. அங்கிருந்து போன் செய்தாள்.

"மஞ்சத் துணி தெரியுதாப்பா?"

அகலமான ஆறு. வின்ட்சர் கரையில் நின்ற கனகுவுக்கு அக்கரையில் இருந்தவர்கள் புள்ளிகளாகத்தான் தெரிந்தார்கள்.

"நல்லாத் தெரியுது கண்ணு."

வசந்தாமணி போனைப் பிடுங்கினாள். "ஏனுங்க, வீடு போனாப் போகுது. பாலம் பக்கத்துலதான இருக்குது, கிளம்பி வாங்க!"

"வேண்டாம்ப்பா, இன்னும் மூணு வாரந்தான்" என்று மகள் பின்னாலிருந்து கத்தினாள். கனகு போகவில்லை.

வீட்டுக்காக எட்டவே நின்ற அப்பா, வரவேண்டாம் என்ற மகள், வீடே வேண்டாம் வாருங்கள் என்ற அம்மா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

என் விடை, அம்மாதான். அப்பாவோடு இருந்த வீடு என்றுதான் மகள் அதைக் கேட்டாள். மகள் வளர்ந்த வீடு என்றுதான் அப்பா அதை விடவில்லை. இருவருக்கும் வேண்டியது வீடல்ல என்பது வசந்தாமணிக்கு மட்டும் புரிந்திருந்தது. பின்னொரு நாள் கனகுவிடம் இதைச் சொன்னேன். அந்த வீட்டிலிருந்துதான் பேசினான். "வாஸ்தவந்தான்டா. மூணு வாரங் கழிச்சுப் போயிக் கையில வாங்கினேன். வீல்னு அழுதா. எல்லார் கையும் பழகியிருந்துச்சு, என்ற கைதான் அவளுக்குப் புதுசு."